கரண்டியால் இரண்டு தட்டு

சென்ற வாரம் ஒருநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து இரும்புக் குழாயில் 'டங் டங்' என்று இரண்டு தட்டு விழுந்தது. பேப்பரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். "இந்தா தொறக்குறேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கொல்லைக்கு நடந்துவிட்டேன். நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் புத்தி வந்தது. தட்டியது பிளம்பர் செல்வம். கழலமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பழைய குழாயை ஸ்பேனரால் தட்டியிருக்கிறான்.

"எதக்கா தொறக்கப் போறீக?" என்றான்.

என்னத்தைச் சொல்ல? டீ வேண்டுமா என்று கேட்க வந்ததாகச் சமாளித்தேன். அப்புறம் டீ போட வேண்டியதாகிவிட்டது.

வீடு முழுக்கக் குழாய் மாற்றுகிறோம். குளியலறைச் சுவரில் ஈரம் கசிகிறது, அதை மட்டும் பார் என்றுதான் செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன் சுவரில் காதை வைத்துக் கேட்டான், இரண்டு இடத்தில் கொத்தினான், பிறகு டாக்டர் முகத்தோடு திரும்பி, "எல்லாத்தையும் எடுத்துரணும்க்கா" என்றான். என் வயதுக்கு அவன் அத்தை என்றே கூப்பிடலாம். அக்கா என்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக நானும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். குழாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும் என்பதுதான்.

இப்போது வீடெல்லாம் தூசி. அடுக்களைச் சாமான்கள் கட்டில்மேல் இருக்கின்றன. நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்காதீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய சுவரைக் கொத்தும்போது ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்து ஒரு வாசனை வருகிறது. ஊறிப்போன சிலேட்டை முகர்ந்தது மாதிரி. அது மூக்கில் ஏறியதுமே எனக்கு ஆறாங்கிளாஸ் வயதாகிவிட்டது. ஏனென்றால் இந்த வீட்டுக் குழாய்களை இதற்கு முன்னால் மாற்றியது அப்போதுதான்.

செல்வம் ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தான். வெளியே பார்த்தால் நல்ல மொத்தமான குழாய். உள்ளே உப்பு படிந்து படிந்து, நடுவில் ஒரு பென்சில் போகிற அளவுக்குத்தான் ஓட்டை. "இதுக்குள்ளயா இத்தன வருசம் தண்ணி வந்துச்சு?" என்று வியந்தான். வந்தது தம்பி. குறை சொல்லாமல் வந்தது.

திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்வெல் தண்ணீர் அப்படிக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, சோறு வடித்தால் பழுப்பாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. குளிக்க, துவைக்க உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. எந்த வீட்டுக்குப் போனாலும் எந்தக் குடத்தில் எது என்று கேட்டுவிட்டுத்தான் மோந்து குடிப்போம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்காமல் மோந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். டிவி இல்லாத காலத்தில் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

நல்ல தண்ணி முனிசிபாலிட்டி குழாயில் வரும். பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பதினைந்து நாள்கூட ஆகும். அதுவும் தெருமட்டத்துக்கு ஏறாது. அதனால் எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு குழி தோண்டி, குழாயைக் குழிக்குள் தாழ இறக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இறங்கி நின்று குடம் பிடிக்க வேண்டும். எங்கள் தெரு சரிவான தெரு. பள்ளத்து வீடுகளுக்குத் தண்ணீர் முதலில் வரும், கடைசிவரை வரும். அவர்கள் குழாயை மூடினால்தான் மேட்டு வீடுகளுக்கு ஏறும். எங்கள் வீடு பள்ளத்தில் கடைசி. பக்கத்து வீட்டிலிருந்து மேடு தொடங்கிவிடும்.

என் அம்மா கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தண்ணீர் வருகிற நாளில் குடம் குடமாக ஊற்றி எங்கள் கீழ்த்தொட்டி நிறைந்ததும், குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும்போதே இறுக்கி மூடிவிடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, பள்ளத்து வீடு ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்ப்பார். "நெறஞ்சிருச்சுல்ல? மூடு. மேல இருக்கவங்க மனுசங்க இல்லையா?" கேட்காதவர்கள் வீட்டுக் குழிக்குள் தானே இறங்கி மூடியும் இருக்கிறார். பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டு சரசக்கா, பாதி அண்டா பிடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மூடிவிட்டார் என்று பெரிய சண்டை போட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் அம்மாவுக்கு 'முனிசிபாலிட்டி' என்று பட்டப்பெயர். என்னை 'முனிசிபாலிட்டி மக' என்பார்கள். அந்த வயதில் எனக்கு அது பெரிய அவமானம். இன்றைக்கு யாராவது அப்படிக் கூப்பிட்டால் வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுப்பேன்.

மேடு தொடங்குகிற அந்தப் பக்கத்து வீடுதான் மும்தாஜ் சித்தி வீடு. அவர் அம்மாவை 'டீச்சரக்கா' என்பார், அதனால் எனக்கு சித்தி. அவர்கள் வாசலில் முழங்கால் ஆழம் தோண்டியதுமே பாறை வந்துவிட்டது. குழி இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் ஏது? எங்கள் குழியில் பிடித்துக் குடம் குடமாகச் சுமப்பார். அவர் கணவருக்குத் தோல்ஷாப்பில் தோல் பதனிடுகிற வேலை. அந்த வருடம் ஷாப்பை மூடிவிட்டார்கள். மனுஷர் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். சித்திக்குக் கைவந்தது சமையல். சின்னச் சின்ன விசேஷங்களுக்கு பிரியாணி ஆக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். சீரகச் சம்பா அரிசி தம்மில் வேகிற வாசனை சுவர் தாண்டி வரும்போது எங்கள் வீட்டில் ரசச்சோறு தொண்டையில் இறங்காது.

"அரிசியும் கறியும் கடையில கெடைக்குது டீச்சரக்கா. தண்ணிக்குத்தான் எங்குட்டுப் போவேன்?" என்று ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். உப்புத் தண்ணியில் பிரியாணி ஆக்கினால் அரிசி விறைத்துக்கொள்ளும், கறி ரப்பராகும். ஒரு தடவை கெட்டால் அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். குடத்தில் சுமந்து எத்தனை பிரியாணித் தேக்சாவுக்கு ஊற்ற முடியும்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் குழாய்கள் உப்பு அடைத்து ஒவ்வொன்றாக நின்றுபோயின. அம்மா எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார். மாடியில் இரண்டு அறை வைத்த சிமெண்ட் தொட்டி கட்டி, ஒரு அறையில் உப்புத் தண்ணி, ஒரு அறையில் நல்ல தண்ணி. கீழ்த்தொட்டியிலிருந்து நல்ல தண்ணியை ஏற்ற ஒரு குட்டி மோட்டார். வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது அம்மா கொத்தனாரிடம் கொல்லைச் சுவரைக் காட்டி, "இதுல ஒரு ஓட்டை போடுங்க. ஒரு லைன் அந்தப் பக்கம் போகணும்" என்றார்.

அப்பாவுக்கு ஒரு ஆபீசில் கிளார்க் வேலை. எதையும் பின்னால் வரப்போகிற சிக்கலிலிருந்து தொடங்கித்தான் பார்ப்பார். "நாளைக்கு வீட்ட விக்கிறப்ப?" என்றார். "நீங்க விக்கும்போது நான் சுவர அடைச்சுத் தாரேன்" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அப்பாவும் தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்தார். நல்ல தண்ணி தீர்ந்துபோனால் அடுக்களையில் பாத்திரம் கழுவவாவது உப்புத் தண்ணி வரட்டும் என்று, இரண்டு அறைக் குழாய்களையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு. அம்மாவுக்கு இஷ்டமில்லை. சுவர் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததால் இதில் இவர் விட்டுக்கொடுத்தார். குடும்பத்தில் எல்லாத் தவறும் இப்படி நியாயமாகத்தான் தொடங்குகிறது.

சுவரைத் தாண்டிய குழாய்க்கு அந்தப் பக்கம் திருகு கிடையாது. திறந்த வாய்தான். திருகு வைத்தால் சொட்டும், சொட்டினால் பத்து நாள் தண்ணீர் பாழ் என்பது அம்மாவின் கணக்கு. திறந்து மூடுகிற வால்வு எங்கள் கொல்லையில், கருவேப்பிலை மரத்தடியில். சித்திக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைக் கரண்டியால் இரண்டு தட்டுவார். அந்தச் சத்தம் இரும்பிலேயே ஓடிவந்து எங்கள் அடுக்களைவரை கேட்கும். அம்மா இருந்த இடத்திலிருந்தே, "இந்தா தொறக்குறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவார். பாத்திரம் நிறைந்ததும் அங்கிருந்து, "போதும் டீச்சரக்கா, மூடிருங்க" என்று சத்தம் வரும். அம்மா இல்லாத நேரத்தில் நான் திறந்தாலும் அதே வார்த்தைதான். வால்வைத் திறக்கிற கை யாருடையதாக இருந்தாலும் அவருக்கு அது டீச்சரக்கா.

ஒரு நாள் சித்தி மூச்சிரைக்க வந்தார். பெரிய இடத்து நிக்காஹ். முழுச் சமையலையும் அவரிடம் தருகிறார்களாம். அது நன்றாக அமைந்தால் வரிசையாக வேலை வரும், கெட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். "தண்ணிய நெனச்சாப் பயமா இருக்கு, மாட்டேன்னு சொல்லிரவா?" என்று கேட்டார். அம்மா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தண்ணிக்கு நானாச்சு. நீ போய் சரின்னு சொல்லு" என்றார்.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. முந்தைய வாரம்தான் தண்ணீர் வந்திருந்தது. அம்மா அந்த வாரம் முழுவதும் எங்களுக்குத் தம்ளர் கணக்கில்தான் தண்ணீர் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் கீழ்த்தொட்டியில் இருந்ததையெல்லாம் மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றியாயிற்று. எல்லாம் தயார்.

சாயங்காலம் நத்தத்திலிருந்து அப்பாவின் சித்தப்பா குடும்பம் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தது. அப்பா அவர்களுக்குப் புதுக் குழாய் வேலையைச் சுற்றிக் காட்டினார். பேரப்பிள்ளையைத் தொட்டிலில் காட்டுகிறவர்கள்கூட அவ்வளவு பூரித்துப் பார்த்ததில்லை. மாடிக்குக் கூட்டிப்போய்த் தன்னுடைய வால்வை இந்தப் பக்கம் திருகி, அந்தப் பக்கம் திருகி, "ஒரு ஆத்திர அவசரத்துக்கு, பாருங்க" என்று விளக்கினார். பிறகு எல்லாரும் மாம்பழம் சாப்பிட இறங்கி வந்தார்கள்.

ஞாயிறு விடியற்காலை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அம்மா மாதா கோவிலில் முதல் பூசைக்குப் போக வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை உடுத்தித் தயாராக இருந்தார். குழாயில் இரண்டு தட்டு. "இந்தா தொறக்குறேன்." திறந்தார். எப்போதும் வருகிற "போதும்" வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சரக்கா... செத்த இங்க வாங்களேன்" என்று வேறொரு குரலில் கேட்டது.

நாங்கள் போனபோது சித்தி உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றார். அம்மா ஒரு வாய் வாங்கினார். துப்பினார். அப்பாவின் வால்வு இரவெல்லாம் திறந்தே கிடந்திருக்கிறது. உப்புத் தண்ணி மொத்தமும் நல்ல தண்ணியில் கலந்துவிட்டது. மூன்று அடுப்பு கனிந்துகொண்டிருந்தது. அரிசி அளந்து வைத்தாயிற்று, கறி வந்தாயிற்று. தள்ளுவண்டியில் தண்ணீர் விற்கிறவர் வெயில் ஏறித்தான் வருவார். சித்தியின் கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சித்தி அழவில்லை. ஏந்திய கையை இறக்கவும் இல்லை. அந்தக் கையை எனக்கு மறக்கவே முடியாது.

அப்பா மாடியில் ஒரு செம்போடு நின்று தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் எங்கள் அடுக்களையில் இருந்த நல்ல தண்ணிக் குடங்கள் எல்லாவற்றையும் சித்தி வீட்டில் இறக்கினார். அது ஒரு மூலைக்குக் காணாது. காலிக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊரில், நல்ல தண்ணிக் குடம் என்பது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. உப்பு, சர்க்கரை, தைலம் எல்லாம் இரவல் போகும். தண்ணீரை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் கொடுக்கிறவர் முகம் மாறும். அதைத்தான் இத்தனை வருடம் தெருவையே அதட்டிய என் அம்மா, பூசைச் சேலையோடு, முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு கொடம் நல்ல தண்ணி குடு. மும்தாஜு சமையலுக்கு. எங்க தண்ணி கெட்டுப்போச்சு" என்று கேட்டார்.

மேட்டு வீடுகளில் ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா பாதி கேட்கும்போதே உள்ளே ஓடிக் குடத்தைத் தூக்கிவந்து, "நீங்க கீழ மூடப் போய்த்தான எங்களுக்கு இம்புட்டாச்சும் ஏறுது. எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். அம்மா குடத்தை வாங்கிக்கொண்டார். கோவிலில் பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் பூசை தவறியது அன்று ஒரு நாள்தான்.

கடைசியாகப் பூட்டுப் பட்டறைக்காரர் வீடு. வாசலில் அம்மா நின்றுவிட்டார். கதவைத் தட்டவில்லை. ஆனால் தெருவில் நடப்பதைச் சரசக்கா அதற்குள் பார்த்துவிட்டிருந்தார். உள்ளே போய் இரண்டு கையிலும் இரண்டு குடம் தூக்கிவந்து படியில் 'ணங்'கென்று வைத்தார். "இந்தாங்க. ஊத்தும்போது பாதியில வந்து மூடிறாதீக" என்றார். அம்மா சிரித்துவிட்டார். சரசக்காவும் சிரித்தார். பிறகு அவரே ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களோடு நடந்தார்.

பிரியாணி எப்படி இருந்தது என்கிறீர்களா? மத்தியானம் தண்ணீர் கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் தூக்குச்சட்டியில் வந்தது. நான் இதுவரை எத்தனையோ கடையில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த ஊரில் அதற்கா பஞ்சம். அந்தத் தூக்குச்சட்டி மாதிரி இன்னொன்று அமையவில்லை. ஒரு தெருவின் தண்ணீர் முழுக்க அதில் வெந்திருந்தது. அந்த மாதமே சித்திக்கு அடுத்த நிக்காஹ் வந்தது. பிறகு அவர் அடுப்பு அணையவே இல்லை. அடுத்த தடவை குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா முதலில் பிடித்தது எங்களுக்கு இல்லை. வாங்கிய குடங்களை நிறைத்து, ஒவ்வொன்றாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கும் போகிற வழியில் இரண்டு வீட்டுக் குழாயை மூடினார்.

இவ்வளவையும் செல்வத்திடம் சொல்லவில்லை. அவன் மாடியில் ஒரு வால்வைக் காட்டி, "இதுல வீலையே காணோமேக்கா" என்றபோது மட்டும் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த வீலைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியவர், கடைசிவரை வெளியே எடுக்கவில்லை. அவரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். வாசலில் இருந்த குழிகளை எல்லாரும் மூடி டைல்ஸ் ஒட்டியாயிற்று. இப்போது தண்ணீர் கேனில் வருகிறது, போன் செய்தால் போதும். மும்தாஜ் சித்தி தாடிக்கொம்பு ரோட்டில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ புதியவர்கள். நல்லவர்கள்தான், பெயர் தெரியாது.

நேற்று சாயங்காலம் வேலை ஏறக்குறைய முடிந்தது. வீடு முழுக்கப் பளபளவென்று பிளாஸ்டிக் குழாய். ஆசைக்கு ஒரு கரண்டியால் தட்டிப் பார்த்தேன். சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. செல்வம் கொல்லைச் சுவரில் கை வைத்துக்கொண்டு, "இந்த லைன் அந்த வீட்டுக்குள்ள போகுதுக்கா. இழுத்தா அவங்க டைல்ஸ் வந்துரும். இங்கனயே மூடி போட்டுரவா?" என்று கேட்டான்.

செத்த நேரம் பொறு என்று சொல்லிவிட்டு சித்திக்குப் போன் செய்தேன். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். குழாய் மாற்றுகிறோம் என்றேன். "அந்தக் கருவேப்பில மரம் இருக்கா?" என்று கேட்டார். பட்டுப்போய்விட்டது என்றேன். குழாயை மூடப் போகிறார்கள் என்று சொன்னேன்.  எனக்கு என்ன தோன்றியதோ, போனைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு, அடுக்களைக் கரண்டியால் அந்தப் பழைய இரும்பில் இரண்டு தட்டு தட்டினேன். அந்த உப்பு அடைத்த குழாய் அன்றைக்குப் போலவே 'டங் டங்' என்றது.

போனைக் காதில் வைத்தேன். சித்தி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு சுவருக்கு அப்பாலிருந்து சொல்கிற அதே உரத்த குரலில், "போதும் டீச்சரக்கா, மூடிருங்க" என்றார்.

செல்வத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் மூடியை வைத்துத் திருகினான்.